திரையில் பிழைச்செய்தி, கம்பியில் கோளாறு: சீரியல் வழி ரிமோட் டீபக்கிங் ஏன் நின்றுபோகிறது?

மேசையில் ஒரு சிறிய போர்டு. அதற்கும் மடிக்கணினிக்கும் நடுவே மூன்று மெல்லிய கம்பிகள். மடிக்கணினியில், போர்டில் ஓடும் நிரலை நிறுத்திப் பிழை தேட உதவும் ஜிடிபி டீபக்கரைத் திறந்து, போர்டோடு இணைய 'டார்கெட் ரிமோட்' கட்டளையைக் கொடுக்கிறோம். சில விநாடிகள் திரை அசையாமல் நிற்கிறது. பிறகு, பாக்கெட் பிழையை ஒதுக்கிவிட்டுத் தொடர்வதாக ஒரு வரி வருகிறது. அதன் கீழே, 'வி-மஸ்ட்-ரிப்ளை-எம்ப்டி' என்ற கேள்விக்கு எதிர்பாராத பதில் வந்ததாகவும், அந்தப் பதில் 'டைம்அவுட்' என்றும் இன்னொரு வரி.

இந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பலர் டீபக்கரின் வேறு பதிப்பை நிறுவுகிறார்கள், கம்பைலரை மாற்றுகிறார்கள், போர்டின் மென்பொருளை மறுபடி ஏற்றுகிறார்கள். அரை நாள் போய்விடுகிறது. ஒரு கம்பி இடம் மாறிச் செருகப்பட்டிருந்தாலும் இதே செய்திதான் வரும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

காரணம் எளியது. பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பியில் அனுப்பும் சீரியல் வழி டீபக்கிங் பல தளங்களைக் கொண்ட கட்டடம். அடித்தளத்தில் மின்னழுத்தம், அதன் மேல் பிட்டுகளின் கால அளவு, அதன் மேல் இயங்குதளத்தின் போர்ட், அதற்கும் மேல் பாக்கெட் எனப்படும் தகவல் பொட்டலம், உச்சியில் டீபக்கர். பழுது எந்தத் தளத்தில் ஏற்பட்டாலும் குரல் கொடுப்பது உச்சித் தளம் மட்டுமே. அதற்குத் தெரிந்ததோ, 'பதில் வரவில்லை' என்ற ஒன்றுதான். எனவே செய்தியின் சொற்களைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து தேடுவதில் பயனில்லை. கீழிருந்து ஏற வேண்டும். ஒரு தளம் சரி என்று சோதித்து உறுதி செய்த பிறகே அடுத்த தளத்தில் கால் வைக்க வேண்டும்.

ஏன் இன்னும் சீரியல்?

வலைப்பின்னல் வழியாக டீபக் செய்ய வசதி இருக்கும்போது, 1960-இல் வெளிவந்த ஆர்எஸ்-232 தரத்தின் வழிவந்த இந்த இணைப்பு எதற்கு? வலைப்பின்னல் இயங்குவதற்கு டிரைவர், நினைவகம், இன்டரப்ட் (செயலியின் கவனத்தை உடனே ஈர்க்கும் சைகை), நெறிமுறை அடுக்கு என்று ஒரு பெரும் படையே உயிரோடு இருக்க வேண்டும். போர்டு விழித்தெழும் முதல் நொடிகளில் அது எதுவும் இருக்காது. இயங்குதளத்தின் மையமான கெர்னலை நடுவில் நிறுத்தினால் அந்தப் படையும் சேர்ந்து நின்றுவிடும்.

சீரியல் சிப்புக்கு அந்தப் படை தேவையில்லை. யுஏஆர்டி எனப்படும் அந்தச் சுற்றின் ஒரு பதிவேட்டில் (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) ஒரு பைட்டை எழுதினால் அது கம்பியில் போகும். இன்னொரு பதிவேட்டைப் படித்தால் வந்த பைட் கிடைக்கும். சில நூறு வரி நிரலே இதற்குப் போதும். இலக்குப் போர்டில் அமர்ந்து டீபக்கரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் இந்தச் சிறு நிரலை 'ஸ்டப்' என்பார்கள். லினக்ஸில் பயன்பாட்டு நிரல்களுக்கு ஜிடிபி சர்வர் இந்த வேலையைச் செய்கிறது. கெர்னலுக்குள் கேஜிடிபி செய்கிறது. இது 2008-இல் 2.6.26 பதிப்பில் மூலக் கெர்னலில் சேர்ந்தது.

முதல் தளம்: கம்பியும் மின்னழுத்தமும்

ராஸ்பெரி பை போர்டை எடுத்துக்கொள்வோம். அதன் 40 ஊசி வரிசையில் 6-ஆம் ஊசி தரை, 8-ஆம் ஊசி அனுப்புவது, 10-ஆம் ஊசி பெறுவது. யுஎஸ்பி-சீரியல் மாற்றியிலும் இதே மூன்று உண்டு. சரிபார்க்க வேண்டியவை:

1. குறுக்கு இணைப்பு. ஒருவர் வாய் மற்றவர் காதுக்குப் போக வேண்டும். போர்டின் அனுப்பும் ஊசி மாற்றியின் பெறும் ஊசிக்கும், போர்டின் பெறும் ஊசி மாற்றியின் அனுப்பும் ஊசிக்கும் செல்ல வேண்டும். சில மாற்றிகளில் எழுத்துகள் எதிர்முனையின் பார்வையில் அச்சிடப்பட்டிருக்கும். அச்சை நம்பாமல் அளந்து பார்ப்பதே நல்லது.

2. பொதுத் தரை. இரு முனைகளின் தரையும் இணைக்கப்படாவிட்டால் மின்னழுத்தத்தை எதோடு ஒப்பிடுவது என்றே சிப்புக்குத் தெரியாது. இரு கருவிகளும் ஒரே மின்பலகையிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது தரைக் கம்பி இல்லாமலே சில நேரம் வேலை செய்துவிடும். மடிக்கணினியை மின்கலத்துக்கு மாற்றியதும் நின்றுபோகும். 'நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை' என்ற வகைக் கோளாறுகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

3. மின்னழுத்த வகை. ராஸ்பெரி பையின் ஊசிகள் 3.3 வோல்ட்டுக்கானவை, 5 வோல்ட்டைத் தாங்கும் உறுதி அவற்றுக்கு இல்லை. பழைய கணினியின் 9 ஊசி போர்ட் முற்றிலும் வேறு இனம். ஆர்எஸ்-232 தரத்தில் பிட் 1 என்பது -3 முதல் -15 வோல்ட், பிட் 0 என்பது +3 முதல் +15 வோல்ட். அதை நேரடியாகப் போர்டில் செருகினால் போர்டு பாழாகிவிடும். நடுவில் மேக்ஸ்232 போன்ற மின்மட்ட மாற்றி சிப் கட்டாயம் வேண்டும்.

அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சாதாரண மல்டிமீட்டரே போதும். எதுவும் அனுப்பாமல் சும்மா இருக்கும் அனுப்பும் ஊசியைத் தரையோடு ஒப்பிட்டு அளந்தால், 3.3 வோல்ட் வகையில் ஏறத்தாழ 3.3 காட்டும். ஆர்எஸ்-232 வகையில் எதிர்மறை வோல்ட் காட்டும். பூஜ்யம் காட்டினால், அது அனுப்பும் ஊசியே அல்ல, அல்லது யுஏஆர்டி இன்னும் இயக்கப்படவில்லை.

அடுத்தது வளையச் சோதனை. போர்டைக் கழற்றிவிட்டு, மாற்றியின் அனுப்பும் ஊசியையும் பெறும் ஊசியையும் ஒரு கம்பியால் சேர்த்துவிட்டு, மினிகாம் போன்ற டெர்மினல் நிரலில் ஓர் எழுத்தைத் தட்ட வேண்டும். அது திரையில் திரும்பி வர வேண்டும். கம்பியை எடுத்ததும் வருவது நிற்க வேண்டும். இந்த இரண்டாம் பாதியைப் பலர் செய்வதில்லை. டெர்மினலின் உள் எதிரொலி வசதி இயங்கிக்கொண்டிருந்தால், கம்பி இல்லாமலே எழுத்து தெரியும். அதைப் பார்த்து மாற்றி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவோம்.

வளையச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. அனுப்புவதும் பெறுவதும் ஒரே சிப், ஒரே கடிகாரம். வேகம் தவறாக இருந்தாலும் இச்சோதனை வெற்றி பெறும்.

இரண்டாம் தளம்: இரு கடிகாரங்கள்

சீரியல் இணைப்பில் கடிகாரத்துக்கென்று தனிக் கம்பி கிடையாது. இரு முனைகளும் ஒரே வேகத்தை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, ஒவ்வொன்றும் தன் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுகின்றன. அந்த வேகத்தைத்தான் பாட் ரேட் என்கிறோம். வழக்கமான அமைப்பில் ஒரு தொடக்க பிட், 8 தரவு பிட், ஒரு முடிவு பிட் என ஒரு பைட்டுக்கு 10 பிட் செலவாகிறது. 115200 பாட் என்றால் நொடிக்கு 11520 பைட். ஒரு பிட்டின் ஆயுள் 8.68 மைக்ரோவிநாடி.

பெறும் சிப், தொடக்க பிட் விழும் கணத்தில் எண்ணத் தொடங்கி, ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் கம்பியைப் பார்க்கிறது. முடிவு பிட்டின் நடு, தொடக்கத்திலிருந்து ஒன்பதரை பிட் தொலைவில் இருக்கிறது. அதற்குள் இரு கடிகாரங்களும் அரை பிட் விலகிவிட்டால் படிப்பது தவறாகிவிடும். ஒன்பதரையில் அரை என்பது சுமார் 5 சதவீதம். அது இரு முனைகளும் சேர்ந்து செய்யலாகும் மொத்தத் தவறு. சிப்பின் அளவீட்டுத் துல்லியமும் கொஞ்சம் தின்றுவிடும் என்பதால், ஒவ்வொரு முனையும் 2 சதவீதத்துக்குள் நிற்பதே பாதுகாப்பு.

ஒரு கணக்கைப் பார்ப்போம். அர்டுயினோ உனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பின் கடிகாரம் 16 மெகாஹெர்ட்ஸ். சாதாரண முறையில் அதை 16-ஆல் வகுத்து, பின் ஒரு முழு எண்ணால் வகுத்துத்தான் பாட் ரேட்டை உண்டாக்க முடியும். 115200-க்கு மிக அருகில் வருவது 9-ஆல் வகுப்பது; கிடைப்பது 111111. தவறு 3.5 சதவீதம். இரட்டை வேக முறையில் 117647 கிடைக்கும், தவறு 2.1 சதவீதம். அதுவே 38400 என்றால் 26-ஆல் வகுத்து 38462 கிடைக்கிறது, தவறு 0.2 சதவீதத்துக்கும் கீழே. வேகத்தைக் குறைத்ததும் இணைப்பு உறுதியானால், 'கம்பி சரியில்லை' என்று உடனே சொல்லிவிடக் கூடாது. வகுத்தல் கணக்கு ஒத்துவராததும் காரணமாக இருக்கலாம்.

ராஸ்பெரி பை 3-இல் இந்தச் சிக்கல் வேறு உருவில் வந்தது. 2016-இல் வந்த அந்தப் போர்டில், நல்ல யுஏஆர்டியான பிஎல்011 புளூடூத்துக்கு ஒதுக்கப்பட்டது. 8, 10 ஊசிகளுக்கு 'மினி யுஏஆர்டி' என்ற எளிய சுற்று வந்து சேர்ந்தது. அதற்கெனத் தனிக் கடிகாரம் இல்லை. சிப்பின் மைய அதிர்வெண்ணையே அது நம்பியிருக்கிறது. வேலைப்பளுவுக்கு ஏற்ப அந்த அதிர்வெண் 250 மெகாஹெர்ட்ஸிலிருந்து 400-க்குத் தாவினால், 115200 என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது 184320 ஆகிவிடும். சும்மா இருக்கும்போது நன்றாகப் பேசிய போர்டு, வேலை வந்ததும் குப்பை எழுத்துகளைக் கொட்டுவது இதனால்தான். உள்ளமைவுக் கோப்பில் 'எனேபிள்-யுஏஆர்டி' மதிப்பை 1 ஆக வைத்தால் மைய அதிர்வெண் நிலைநிறுத்தப்படும். புளூடூத் தேவையில்லை என்றால் 'டிசேபிள்-பிடி' ஓவர்லே (வன்பொருள் அமைப்பை மாற்றும் சிறு கோப்பு) மூலம் பிஎல்011-ஐ ஊசிகளுக்கே திருப்பிக் கொண்டுவரலாம். டீபக்கிங்குக்கு இரண்டாவது வழியே மேல். காரணம் பின்னால் வருகிறது.

டெர்மினலில் தெரியும் குப்பையும் ஒரு தடயம்தான். எதுவுமே வரவில்லை என்றால் முதல் தளத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரே செய்திக்கு ஒவ்வொரு முறையும் ஒரே குப்பை வந்தால் பாட் ரேட் தவறு, அல்லது மின்னழுத்தம் தலைகீழாக இருக்கிறது. பெரும்பாலும் சரியாக வந்து அங்கொன்றும் இங்கொன்றும் பிசகினால், கடிகாரம் எல்லையில் நிற்கிறது அல்லது இரைச்சல் நுழைகிறது.

மூன்றாம் தளம்: போர்ட் யார் கையில்?

எழுத்துகள் சரியாக வந்து போகின்றன. ஆனாலும் டீபக்கர் இணையவில்லை. இப்போது கேட்க வேண்டியது, இந்தப் போர்ட்டை வேறு யாராவது பிடித்துக்கொண்டிருக்கிறார்களா என்பது.

1. நம் பக்கத்தில், சோதனைக்குத் திறந்த டெர்மினலை மூட மறந்திருப்போம். லினக்ஸ் இரு நிரல்களையும் ஒரே போர்ட்டைத் திறக்க விட்டுவிடலாம். அப்போது வரும் பைட்டுகளில் பாதி இங்கும் பாதி அங்கும் போகும். மினிகாம் திறந்திருக்கும்போது ஜிடிபி பைத்தியம் பிடித்ததுபோல் நடந்துகொண்டால் காரணம் இதுவே.

2. லினக்ஸில் மோடம்மேனேஜர் என்ற பின்னணிச் சேவை, புதிதாகச் செருகப்பட்ட சில சீரியல் கருவிகளை மோடம் என்று எண்ணி 'ஏடி' கட்டளைகளை அனுப்பிப் பார்க்கும். உபுண்டு 22.04-இல் பார்வையற்றோருக்கான பிரெய்ல் காட்சிச் சேவை, சிஎச்340 சிப் உள்ள மாற்றியைப் பிரெய்ல் கருவி என்று எடுத்துக்கொண்டு போர்ட்டையே மறையச் செய்த அனுபவம் பலருக்கு உண்டு. அந்தச் சேவை தேவைப்படாதவர்கள் அதை நீக்கியதும் போர்ட் திரும்பியது.

3. போர்டின் பக்கத்தில், அதே போர்ட்டில் உள்நுழைவுச் சேவை காத்திருக்கும். ஜிடிபியின் பாக்கெட்டை அது பயனர்பெயர் என்று எடுத்துக்கொண்டு கடவுச்சொல் கேட்கும். ராஸ்பெரி பையில் சீரியல் வழி உள்நுழைவை நிறுத்தி, சீரியல் வன்பொருளை மட்டும் இயக்கத்தில் வைக்க அமைப்புக் கருவியிலேயே தனித்தனிக் கேள்விகள் உண்டு.

4. அனுமதி. டெபியன் வழி வந்த விநியோகங்களில் சீரியல் போர்ட்டைத் திறக்கப் பயனர் 'டயல்அவுட்' குழுவில் இருக்க வேண்டும். குழுவில் சேர்த்த பிறகு வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும் என்பது எளிதில் மறந்துபோகும்.

5. திறந்ததும் மறுதொடக்கம். அர்டுயினோ உனோவில் போர்ட்டைத் திறக்கும்போது டிடிஆர் என்ற சைகைக் கம்பி ஒரு மின்தேக்கி வழியாக ரீசெட் ஊசியை இழுக்கிறது. டீபக்கர் இணையும் கணத்தில் போர்டு புதிதாகத் தொடங்கி, முதல் கேள்விக்குப் பதில் சொல்ல யாரும் இல்லாமல் போகிறது.

ஓட்டக் கட்டுப்பாடு என்பதும் இந்தத் தளத்தைச் சேர்ந்தது. மினிகாமில் வன்பொருள் ஓட்டக் கட்டுப்பாடு இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். அதாவது, 'அனுப்பலாம்' என்று எதிர்முனை சிடிஎஸ் கம்பியில் சைகை தரும்வரை அது காத்திருக்கும். நம்மிடம் இருப்பதோ மூன்றே கம்பிகள். சைகை வரவே வராது. போர்டின் தொடக்கச் செய்திகள் எல்லாம் திரையில் ஓடும், ஆனால் நாம் தட்டும் எழுத்து ஒன்றுகூடப் போய்ச் சேராது. இந்த அறிகுறியைக் கண்டால் கம்பியைத் தொட வேண்டாம். அமைப்பில் அந்த ஒரு வரியை அணைத்தால் போதும்.

நான்காம் தளம்: பாக்கெட்டை நேரில் பார்ப்பது

இங்கே வந்த பிறகுதான் டீபக்கரையே சாட்சிக்கு அழைக்க வேண்டும். ஜிடிபியில் இணைவதற்கு முன் 'செட் டீபக் ரிமோட் 1' என்று கொடுத்தால், அனுப்பிய ஒவ்வொரு பாக்கெட்டையும் வந்த ஒவ்வொரு பதிலையும் அது திரையில் காட்டும். இந்தப் பதிவைப் படிக்கக் கற்றுக்கொள்வது கடினமில்லை. அதற்குக் கிடைக்கும் பலனோ பெரிது.

பாக்கெட்டின் அமைப்பு இவ்வளவுதான்: டாலர் குறி, உள்ளடக்கம், ஹாஷ் குறி, இரண்டு பதினாறடிமான இலக்கங்கள். கடைசி இரண்டு இலக்கங்களும் சரிபார்ப்புத் தொகை. உள்ளடக்கத்தின் எழுத்தெண்களைக் கூட்டி 256-ஆல் வகுத்தால் வரும் மீதி அது. பதிவேடுகளைப் படிக்கச் சொல்லும் கட்டளை ஆங்கிலச் சிற்றெழுத்து 'ஜி' மட்டுமே. அதன் எழுத்தெண் 103, பதினாறடிமானத்தில் 67. ஆகவே கம்பியில் போவது டாலர், ஜி, ஹாஷ், 6, 7 என்று ஐந்தே பைட்டுகள். நிரல் ஒரு பிரேக்பாயின்ட்டில் (நிற்கும்படி நாம் குறித்த இடத்தில்) நின்றுவிட்டது என்பதைச் சொல்லும் பதில் 'எஸ்05'. அதன் எழுத்தெண்கள் 83, 48, 53, கூட்டினால் 184. அதே 184 பதினாறடிமானத்தில் பாக்கெட்டின் வாலில் இருக்க வேண்டும். தொகை ஒத்துவந்தால் பெற்றவர் '+' என்று ஒரு பைட் அனுப்புகிறார். இல்லையேல் '-' அனுப்பி மறுபடி கேட்கிறார்.

இப்போது முதலில் பார்த்த பிழைச்செய்திக்குத் திரும்பலாம். ஜிடிபி இணைந்ததும் முதலில், 'உன்னால் என்னவெல்லாம் முடியும்?' என்று 'கியூ-சப்போர்டெட்' பாக்கெட்டை அனுப்புகிறது. பதில் வராவிட்டால் 'ஒதுக்கிவிட்டுத் தொடர்கிறேன்' என்கிறது. அடுத்து 'வி-மஸ்ட்-ரிப்ளை-எம்ப்டி'. இது ஒரு பரீட்சைக் கேள்வி. தனக்குத் தெரியாத கட்டளைக்கு ஸ்டப் வெற்றுப் பாக்கெட்டைத்தான், அதாவது $#00 என்பதைத்தான், பதிலாகத் தர வேண்டும் என்பது நெறிமுறை. அதை ஸ்டப் மதிக்கிறதா என்று பார்ப்பதற்கே இந்தக் கேள்வி. இதற்கும் 'டைம்அவுட்' என்றால், இரு கேள்விகளுக்கும் எதிரே யாரும் வாய் திறக்கவில்லை என்று பொருள். ஸ்டப் தவறிழைத்ததாக அந்தச் செய்தி சொல்லவே இல்லை. வேறு ஏதாவது பதில் வந்ததாகச் சொன்னால்தான் ஸ்டப்பின் நிரலைச் சந்தேகிக்க வேண்டும்.

பதிவில் தெரியும் காட்சியும், அது சுட்டும் இடமும்:

1. அனுப்பியது மட்டும் தெரிகிறது, '+' கூட வரவில்லை. ஸ்டப் இன்னும் ஓடத் தொடங்கவில்லை, அல்லது கீழ்த் தளங்களில் ஒன்று பழுது. ஜிடிபி சர்வரைப் போர்டில் முதலில் தொடங்கிவிட்டுத்தான் நம் பக்கம் இணைய வேண்டும் என்ற வரிசையும் இங்கே தவறியிருக்கலாம்.

2. '-' அடிக்கடி வருகிறது. பைட்டுகள் வழியில் சிதைகின்றன. கடிகாரத் தளத்துக்கு இறங்க வேண்டும்.

3. நாம் அனுப்பியதே அப்படியே திரும்பி வருகிறது. எதிர்முனையில் எதிரொலி இயக்கத்தில் இருக்கிறது. பெரும்பாலும் அங்கே இருப்பது ஸ்டப் அல்ல, ஒரு உள்நுழைவுத் திரை.

4. பாக்கெட்டுகளுக்கு நடுவே மனிதர் படிக்கும் சொற்கள் வருகின்றன. கெர்னலின் செய்திகளோ நிரலின் அச்சீடுகளோ அதே கம்பியில் கலக்கின்றன. இரண்டையும் வேறு வேறு போர்ட்டுகளுக்குப் பிரிப்பதே நல்ல வழி.

சிறியது போகிறது, பெரியது போகவில்லை

இணைந்துவிட்டது, பதிவேடுகள் தெரிகின்றன. நிரலை ஏற்றும்போது மட்டும் நடுவழியில் நிற்கிறது. இதற்கு இரு காரணங்கள் உண்டு, இரண்டும் முற்றிலும் வேறானவை.

முதலாவது, மென்பொருள் ஓட்டக் கட்டுப்பாடு. இந்த முறையில் 19 என்ற எண்ணுள்ள பைட் 'நிறுத்து' என்றும், 17 என்ற பைட் 'தொடர்' என்றும் பொருள்படும். ஜிடிபியின் பெரும்பாலான பாக்கெட்டுகள் எழுத்துருவில் இருப்பதால் இந்த இரு பைட்டுகளும் அவற்றில் வருவதில்லை. நிரலை ஏற்றும்போது, வேகத்துக்காக, எதிர்முனை ஏற்குமானால் தரவு அப்படியே இரும வடிவில் போகிறது. அதில் 19 வந்த கணமே வரி நின்றுவிடும். ஒரு நிரல் ஏறி, இன்னொரு நிரல் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்கிறது என்றால் இதைத் தவிர வேறு எதையும் முதலில் பார்க்கத் தேவையில்லை.

இரண்டாவது, நிரம்பி வழிதல். யுஏஆர்டிக்குள் வந்த பைட்டுகள் காத்திருக்க ஒரு சிறு வரிசை உண்டு. 16550ஏ சிப்பில் அது 16 பைட். மினி யுஏஆர்டியில் 8. 115200 பாட்டில் 8 பைட் நிரம்ப 0.7 மில்லிவிநாடி போதும். அந்த நேரத்துக்குமேல் போர்டு இன்டரப்ட்டுகளை மூடி வைத்திருந்தால் ஒன்பதாவது பைட் தொலைந்துபோகும். இப்படி வழிவது ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நிகழும். முதல் காரணத்திலிருந்து இதைப் பிரித்தறிய அதுவே அடையாளம். லினக்ஸில் சீரியல் டிரைவர் வைத்திருக்கும் எண்ணிக்கைப் பட்டியலில் வழிதலுக்கும் சட்டகப் பிழைக்கும் (முடிவு பிட் அதன் இடத்தில் வராதது) தனித்தனி எண்கள் இருக்கின்றன. பாக்கெட்டின் அளவைச் சிறிதாக்கினாலோ வேகத்தைக் குறைத்தாலோ இது மறையும்.

ஓடும் நிரலை நிறுத்த முடியவில்லை

கன்ட்ரோல்-சி அழுத்துகிறோம், எதுவும் நடக்கவில்லை. நிறுத்தச் சொல்வதற்கு இரு வழிகள் இருப்பதை அறிந்தால் இது தெளியும். முதல் வழியில் ஜிடிபி 3 என்ற எண்ணுள்ள ஒற்றை பைட்டை, பாக்கெட் எதிலும் பொதியாமல் அனுப்புகிறது. அதை ஸ்டப் பார்க்க வேண்டுமானால், நிரல் ஓடும்போதும் யுஏஆர்டியின் இன்டரப்ட் உயிரோடு இருக்க வேண்டும். இன்டரப்ட்டுகளை மூடிய ஒரு முடிவில்லாச் சுழலுக்குள் நிரல் சிக்கியிருந்தால், ஆயிரம் முறை அழுத்தினாலும் கேட்காது.

இரண்டாம் வழி 'பிரேக்' சைகை. இது ஒரு பைட்டே அல்ல. ஒரு பைட்டின் நேரத்துக்கும் மேலாகக் கம்பியை 0 நிலையிலேயே பிடித்து வைப்பது. லினக்ஸ் கெர்னலில் சீரியல் கன்சோல் வழியாகப் பிரேக் அனுப்பி, 5 விநாடிக்குள் 'ஜி' எழுத்தை அனுப்பினால் கேஜிடிபி விழித்துக்கொள்ளும். ராஸ்பெரி பை 3-இன் மினி யுஏஆர்டிக்கோ பிரேக்கை உணரும் திறனே கிடையாது. சட்டகப் பிழையையும் அது உணராது. பிஎல்011-ஐத் திரும்பக் கொண்டுவருவதே மேல் என்று முன்பு சொன்னதற்குக் காரணம் இதுதான். அது முடியாவிட்டால், வலைப்பின்னல் வழியாகப் போர்டில் ஒரு எஸ்எஸ்எச் அமர்வைத் திறந்து, கெர்னலுக்கு நேரடிக் கட்டளை தரும் சிஸ்ஆர்கியூ தூண்டல் கோப்பில் 'ஜி' எழுத்தை எழுதி நிறுத்தலாம். நடுவில் வலைப்பின்னல் வழிச் சீரியல் சர்வர் இருந்தால் பிரேக்கைக் கடத்தும் ஏற்பாடு அதில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2217 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இதற்கான வழியை வகுத்துக் கொடுத்திருக்கிறது.

கெர்னலை டீபக் செய்யும்போது

கெர்னலை நிறுத்தியதும் இன்டரப்ட்டுகளும் நின்றுவிடும். அதன் பிறகு சீரியல் டிரைவர் தானே கம்பியை எட்டி எட்டிப் பார்த்து பைட்டுகளை எடுக்க வேண்டும். இந்தத் திறன் இல்லாத டிரைவரில் கேஜிடிபி வேலை செய்யாது. இலக்குக் கணினியில் யுஎஸ்பி-சீரியல் மாற்றியைச் செருகிக் கெர்னலை டீபக் செய்ய முயல்பவர்கள் தோற்பது பெரும்பாலும் இதனால்தான். மாற்றியை நம் பக்கம் வைத்துக்கொள்ளலாம். இலக்கின் பக்கம் உண்மையான யுஏஆர்டி வேண்டும். விண்டோஸிலும் இதே விதிதான்.

விண்டோஸில் கவனிக்க வேண்டியவை மூன்று. தொடக்க அமைப்பை மாற்றும் 'பிசிடிஎடிட்' கட்டளையால் டீபக்கிங்கை இயக்கிய பிறகு இலக்கை மறுதொடக்கம் செய்ய வேண்டும். செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் முதலில் அதை அணைக்க வேண்டும். விஎம்வேர் மெய்நிகர்க் கணினியில் மெய்நிகர் அச்சுப்பொறி முதல் சீரியல் போர்ட்டை எடுத்துக்கொண்டிருந்தால், நாம் சேர்த்த போர்ட் இரண்டாவதாகிவிடும். டீபக் போர்ட் எண்ணையும் 2 என்று மாற்ற வேண்டும், அல்லது அச்சுப்பொறியை நீக்க வேண்டும். விண்டோஸின் டீபக்கரான விண்டிபிஜி 'மறுபடி இணையக் காத்திருக்கிறேன்' என்ற வரியிலேயே நின்றுகொண்டிருப்பதற்கு இந்த மூன்றில் ஒன்று காரணமாக இருப்பது வழக்கம்.

வேலை செய்கிறது, ஆனால் ஆமை வேகம்

ஒரு வரி தாண்ட ஒரு நொடி ஆகிறது. பாட் ரேட்டை இரட்டிப்பாக்கினாலும் மாற்றம் இல்லை. குறை பாட் ரேட்டில் இல்லை என்பதற்கு அதுவே சான்று. ஒரு வரியைத் தாண்டும்போது ஜிடிபியும் ஸ்டப்பும் பல சிறு பாக்கெட்டுகளை மாறி மாறி அனுப்பிக்கொள்கின்றன. ஒன்றுக்குப் பதில் வந்த பிறகே அடுத்தது போகும். எஃப்டிடிஐ நிறுவனத்தின் மாற்றி சிப், வந்த பைட்டுகளை உடனே யுஎஸ்பி வழியாகத் தருவதில்லை. 62 பைட் சேரும்வரை, அல்லது ஒரு காத்திருப்பு நேரம் முடியும்வரை, பிடித்து வைக்கிறது. அந்த நேரத்தின் இயல்பு மதிப்பு 16 மில்லிவிநாடி. சிறு பதில்களுக்கு 62 பைட் சேரவே சேராது. ஒவ்வொன்றும் முழு 16 மில்லிவிநாடி காத்திருக்கும். அறுபது பாக்கெட் போய்வந்தால் ஏறத்தாழ ஒரு நொடி போயிற்று. லினக்ஸில் அந்தப் போர்ட்டின் 'லேட்டன்சி டைமர்' மதிப்பை 1 ஆக மாற்றினால் வேறுபாடு அந்தக் கணமே கண்ணுக்குத் தெரியும்.

இணைப்பு நலம், தகவல் தவறு

எல்லாத் தளங்களும் உறுதி. ஆனால் பிரேக்பாயின்ட் சம்பந்தமில்லாத இடத்தில் நிற்கிறது, மாறிகளில் பொருளற்ற எண்கள் தெரிகின்றன. இப்போதுதான் சீரியலை விட்டுவிட்டு வேறு இடம் பார்க்க வேண்டும்.

1. நம் கணினியில் இருக்கும் நிரல் கோப்பும் போர்டில் ஓடுவதும் ஒரே கட்டுமானமாக இருக்க வேண்டும். போர்டில் இருப்பதில் குறியீட்டுத் தகவல் (மாறிகள் போன்றவற்றின் பெயரும் முகவரியும்) நீக்கப்பட்டிருக்கலாம். ஆனால் மறுகம்பைல் செய்த வேறு பிரதியாக இருக்கக் கூடாது.

2. கெர்னல் என்றால் முகவரி இடமாற்றப் பாதுகாப்பு. எக்ஸ்86-இல் 4.12 பதிப்பிலிருந்து இது இயல்பாகவே இயக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு தொடக்கத்திலும் கெர்னல் வேறு முகவரியில் அமர்வதால் குறியீடுகள் பொருந்தாது. தொடக்க வரியில் 'நோ-கேஏஎஸ்எல்ஆர்' சேர்க்க வேண்டும்.

3. ஃபிளாஷ் நினைவகத்தில் ஓடும் நிரலில், கட்டளையை மாற்றி எழுதும் வகைப் பிரேக்பாயின்ட்டைச் சாதாரணமாக வைக்க முடியாது. வன்பொருள் பிரேக்பாயின்ட் வேண்டும். கார்டெக்ஸ்-எம்3, எம்4 சிப்புகளில் நிரல் முகவரிகளுக்கு இருப்பது ஆறு வரைதான். ஏழாவதை வைக்கும்போது வரும் மறுப்பு இணைப்புப் பிழை அல்ல.

4. நிரல் பிரேக்பாயின்ட்டில் நின்ற சில விநாடிகளில் இணைப்பு முறிந்து, டெர்மினலில் போர்டின் தொடக்கச் செய்திகள் புதிதாக ஓடத் தொடங்கினால், அது வாட்ச்டாக் செய்த வேலை. நிரல் உயிரோடு இருக்கிறதா என்று காவல் காக்கும் அந்த டைமருக்கு, நாம் வேண்டுமென்றே நிறுத்தியதும் நிரல் செத்துவிட்டதும் ஒன்றுதான். ராஸ்பெரி பையில் அதன் உச்ச அவகாசம் ஏறத்தாழ 15 விநாடி. நின்றதற்கும் முறிந்ததற்கும் இடையிலான நேரத்தைக் கடிகாரத்தில் மூன்று முறை குறித்துப் பாருங்கள். மூன்று முறையும் அதே நேரம் வந்தால், கம்பியைக் கழற்றாமல் வாட்ச்டாக்கை அணைத்துவிட்டு வேலையைத் தொடரலாம்.